ஒன்பதாம் வகுப்பில் தோற்ற மகனைத் திறந்தநிலைப் பள்ளிக்கு மாற்றலாமா?

உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பில் தோற்றுவிட்டான் என்றும், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கு (NIOS) மாற்றிவிடுமாறு பள்ளி வற்புறுத்துகிறது என்றும், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சான்றிதழைப் பற்றி அஞ்ச வேண்டாம். மத்திய அரசால் 1989இல் தன்னாட்சி அமைப்பாக நிறுவப்பட்ட தேர்வு வாரியம் அது. என் மகன் அந்தச் சான்றிதழோடுதான் பி.காம். சேர்ந்தான், கல்லூரி எழுத்தர் அதை இரண்டு முறை புரட்டிப் பார்த்ததைத் தவிர வேறு சிக்கல் வரவில்லை.

அவனையும் இப்படித்தான் வெளியே அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாசலில் பலகை மாட்டியிருந்த பள்ளி அது. பலகையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், "அவனுடைய நன்மைக்காகத்தான் சொல்கிறோம், அம்மா" என்று மாற்றுச் சான்றிதழை நீட்டினார் தலைமையாசிரியர். எட்டு ஆண்டுகள் கட்டணம் வாங்கியபோது இந்த நன்மை எங்கே போயிருந்தது என்று கேட்க எனக்கு அன்று நா எழவில்லை. ஆசிரியர்களைப் பழிப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் அக்காவும் ஆசிரியைதான், ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்குத் தெரியும்.

முதல் ஆறு மாதங்கள் வீணாயின. பாடநூல்கள் வந்த உறையிலேயே கிடந்தன. அவன் பத்து மணிவரை தூங்கினான், நான் கத்தினேன். அதன் பிறகுதான் விதிமுறைகளை ஒழுங்காகப் படித்தேன். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது பொதுத்தேர்வு வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடம் தேறியதாகவே நிற்கும். எனவே முதலில் தமிழும் ஓவியமும் மட்டும் எழுதச் சொன்னேன். 33 மதிப்பெண் போதும் என்ற இடத்தில் தமிழில் 41 வாங்கினான். உறவினர்கள் சிரித்திருக்கக்கூடும், ஆனால் மூன்று ஆண்டுகளாகத் தேர்ச்சி என்ற சொல்லையே தன் பெயருக்கு எதிரே பார்க்காத பையன், அந்த முடிவுப் பக்கத்தை நாள் முழுவதும் கைப்பேசியில் மூடாமல் வைத்திருந்தான். அடுத்த பருவத்துக்கு எந்தப் பாடம் என்பதை அவனே முடிவு செய்தான். கணிதம் மூன்றாம் முயற்சியில்தான் கிடைத்தது. கணிதத்தை எடுக்காமலேயே பத்தாம் வகுப்பை முடிக்க அங்கே வழி இருக்கிறது; பின்னால் கணிதம் கேட்கும் படிப்பு எதற்கும் போக முடியாதே என்றுதான் நான் விடவில்லை. உங்கள் பிள்ளைக்கு அது பொருந்துமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் பெரியவர் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரமாவது அவனோடு உட்கார முடியாதென்றால் மாற்றாதீர்கள். அங்கே நேர்முக வகுப்புகள் குறைவு. மணி அடிக்கவும் ஆள் இல்லை, வராதவனைத் தேடவும் ஆள் இல்லை. தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளைக்கூட நாமேதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை அதைத் தவறவிட்டேன். ஆண்டுக்கு இரண்டே பொதுத்தேர்வுகள் என்பதால், நன்றாகப் படித்து முடித்திருந்த அறிவியலை எழுத அவன் மேலும் ஆறு மாதம் காத்திருக்க நேர்ந்தது.