சனிக்கிழமை கறிதோசையா கடனுக்குக் காரணம்?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): மதுரையில் இருக்கிறோம். எனக்கு 31 வயது, கணவருக்கு 34. இருவருக்கும் தனியார் வேலை, சேர்த்துக் கைக்கு வருவது 72,000. மகனுக்கு 4 வயது. வாடகை 11,000. மாமனார் இல்லை, மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். எங்களுக்கு இருக்கும் ஒரே செலவுப் பழக்கம் வாரா வாரம் வெளியே போய்ச் சாப்பிடுவது. மாதம் 9,500 வரை ஆகும், எல்லாம் கார்டில்தான். "ஹோட்டலுக்குக் கொடுத்தே கடனாளி ஆயிட்டீங்க" என்கிறார் மாமியார். கார்டில் 1,64,000 நிற்கிறது. குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் மினிமம் ட்யூவைவிட அதிகமாகவே, மாதம் 18,000 கட்டுகிறோம். குறையவே மாட்டேன் என்கிறது. கணவருக்கு இரண்டு தங்கைகள். தை மாதம் மூத்த நாத்தனாரின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீராக ஒரு சவரன் செயின் எதிர்பார்க்கிறார்கள். கார்டில் வாங்கி இஎம்ஐ போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். நான் ஹோட்டலை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை, சின்னக் கம்பெனிகளின் பங்குகளில் போடும் ஸ்மால்கேப் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபியாகப் போடட்டுமா? தோழி ஒருத்தி அதைத்தான் சொல்கிறாள். சாப்பாட்டுக்கு 5 சதவீதம் கேஷ்பேக் தரும் ஒரு கார்டும் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வரவு செலவு எழுதுங்கள், சிக்கனமாக இருங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. கடிதத்தோடு ஆறு மாத ஸ்டேட்மென்ட்டையும் அனுப்பியிருக்கிறீர்கள், கணக்குத் தெரியாதவர் அதைச் செய்ய மாட்டார். அதை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் ஹோட்டலுக்குப் போனது 56,000 சொச்சம். அதே ஆறு மாதத்தில் வட்டியும் வட்டி மேல் ஜிஎஸ்டியுமாகப் போனது 37,000. உங்கள் மாமியார் கண்ணுக்கு 56,000 தெரிகிறது, ஏனென்றால் சனிக்கிழமை இரவு மூன்று பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதை அவர் வாசலில் நின்று பார்க்கிறார். 37,000 எந்த வண்டியிலும் ஏறிப் போவதில்லை, ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

மினிமம் ட்யூவைவிட அதிகமாகக் கட்டுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அந்த வரியில்தான் இருக்கிறது. மினிமம் கட்டினால் லேட் ஃபீ வராது, அவ்வளவுதான். மொத்த பாக்கியில் ஒரு ரூபாய் விடாமல் கட்டினால்தான் வட்டி இல்லாத நாட்கள் உங்களுக்கு. கொஞ்சம் நிற்க விட்டாலும் அந்தச் சலுகை போய்விடும், பழைய பாக்கிக்கு மட்டுமல்ல, அன்றைக்குப் புதிதாகத் தேய்ப்பதற்கும் சேர்த்தே போய்விடும். சனிக்கிழமை 1,200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் அந்த 1,200க்கு அன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கிறது. 45 நாள், 50 நாள் என்று கார்டு விற்கும்போது சொன்னதெல்லாம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு.

உங்கள் கார்டில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 1,64,000க்கு 5,740. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,030. ஆக மாதம் 6,800 வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டும் 18,000ல் இது முதலில் போகிறது. மிச்சம் 11,200. அதே மாதம் ஹோட்டலுக்கு 9,500 தேய்த்தாயிற்று. அசலில் உண்மையில் குறைவது 1,700. ஒரு வருடம் முழுக்க இப்படி மூச்சுப் பிடித்துக் கட்டினால் 20,000 குறையும், ஆனால் தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் மட்டும் 14,200 தேய்த்திருக்கிறீர்கள், பட்டாசும் பலகாரமும் தனி. குறைய மாட்டேன் என்கிறது என்றால் எப்படிக் குறையும்?

வருடக் கணக்கில் பார்த்தால் ஜிஎஸ்டியோடு 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வட்டி கட்டுகிறீர்கள். வெளியில் தண்டலுக்கு வாங்கினால் ஊரே திட்டும், பிளாஸ்டிக் அட்டையில் வாங்கினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே யாராவது வந்து குறைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, இந்தப் பாக்கி எங்கே ஆரம்பித்தது? நீங்களே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், 2024ல் இளைய நாத்தனாரின் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு ஒரு சவரன் மோதிரம், துணிமணி, சீர்த்தட்டு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ஆனது என்று. அது முழுக்கக் கார்டு. ஆரம்பம் அந்த மோதிரம். ஹோட்டல் பில் அதற்குப் பிறகு வந்து மேலே உட்கார்ந்தது. இப்போது அதே கார்டில் அடுத்த சீரையும் ஏற்றப் பார்க்கிறார் உங்கள் கணவர்.

அந்தச் செயினைப் பற்றிப் பேசுவோம். 2024 தீபாவளி சமயம் சவரன் 59,000 சொச்சம். 2025 தீபாவளிக்கு 95,000ஐச் சுற்றி நின்றது. "சின்னவளுக்கு ஒரு சவரன் போட்டாயே, பெரியவள் பிள்ளைக்கும் ஒரு சவரன்" என்று உங்கள் மாமியார் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது சமம். ஆனால் ரூபாயில் அது சமம் இல்லை. 95,000, சேதாரம் 10 சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம் என்று போட்டால் 1,08,000 ஆகிவிடும். என்னைக் கேட்டால் எந்தச் சீரையும் சவரனில் ஒத்துக்கொள்ளவே கூடாது, ரூபாயில்தான் பேச வேண்டும். சம்பளம் வருடத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறவர், ஒரே வருடத்தில் 60 சதவீதம் ஏறிய பொருளில் வாக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

இஎம்ஐ யோசனையும் நடக்காது. நகைக்கடையில் தேய்த்த தொகையை இஎம்ஐயாக மாற்றப் பெரும்பாலான வங்கிகள் அனுமதிப்பதில்லை. கவுன்டரில் நிற்கும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்கு வந்து ஆப்பில் தேடும்போதுதான் தெரியும். அப்புறம் அந்த 1,08,000மும் பழைய பாக்கியோடு சேர்ந்து அதே 3.5 சதவீதத்தில் உட்கார்ந்துகொள்ளும். வரியோடு வட்டி மட்டும் மாதம் 11,000த்தைத் தாண்டும், அதாவது உங்கள் வாடகை.

தாய்மாமன் சீர் செய்யாமல் இருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அதுவும் மதுரைப் பக்கம், தகப்பன் இல்லாத வீட்டில், ஒரே அண்ணன். ஆனால் காதுகுத்துக்கு முதலில் வேண்டியது தோடு, செயின் இல்லை. உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். உங்கள் மகனுக்குப் பெயர் வைத்தபோதும் முதல் பிறந்தநாளுக்கும் வந்த சின்ன மோதிரங்கள், அரை கிராம், ஒரு கிராம் என்று, சிவப்புப் பிளாஸ்டிக் டப்பாவோடு ஆறேழு கிடக்கும். கிடக்காத வீட்டை நான் பார்த்ததில்லை. அதில் எதுவும் அவன் விரலுக்கு இனி ஏறாது. அதைப் போட்டு இரண்டு, மூன்று கிராமில் ஒரு நல்ல தோடு எடுங்கள், கையிலிருந்து போவது சேதாரமும் ஜிஎஸ்டியும் சில்லறை வித்தியாசமும்தான். பட்டுப் பாவாடை, ஏழு தட்டு, மாலை. மொத்தம் 20,000க்குள் முடியும். மூன்று சம்பளத்தில் மிச்சம் பிடித்தால் அது வந்துவிடும்.

இதை நீங்கள் நாத்தனாரிடம் சொல்லக் கூடாது. மாமியார் மூலமாகவும் போகக் கூடாது. உங்கள் கணவர் தங்கையை நேரில் பார்த்து, பத்திரிகை அடிப்பதற்கு முன்னால், "பாப்பாவுக்குத் தோடு நான் போடுறேன், செயின் இந்த வருஷம் முடியாதும்மா" என்று சொல்ல வேண்டும். கார்டு பாக்கி எவ்வளவு என்பதையும் சொல்லட்டும். அண்ணன் 1,64,000 கடனில் நிற்கிறான் என்று தெரிந்தும் செயின் கேட்கிற தங்கை அபூர்வம். பெரும்பாலும் தங்கைக்குத் தெரிவதே இல்லை. அண்ணன் வாராவாரம் ஹோட்டலுக்குப் போகிற போட்டோதான் தெரிகிறது. அந்த ஸ்டேட்டஸ் போடுவதையும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள், இது என் சொந்த அபிப்பிராயம்.

இப்போது பழைய பாக்கி. உங்களிடம் 12 சவரன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மாமியார் அடகு என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை என்றும். அவர் காலத்து அடகுக்கடை அனுபவம் அப்படி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வங்கியில் நகைக்கடன் 9, 10 சதவீதத்துக்குக் கிடைக்கிறது. இன்றைய விலைக்கு மூன்று சவரன் வைத்தாலே இந்தப் பாக்கியை அடைக்கும் தொகை வரும். மாத வட்டி 1,300 சொச்சம், கார்டில் 6,800.

கணக்கைப் பாருங்கள். ஹோட்டல் செலவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கார்டில் இல்லாமல் சம்பளத்திலிருந்து. அப்போது கடனுக்குப் போடக் கையில் நிற்பது 18,000ல் 9,500 போக 8,500. இந்த 8,500ஐக் கார்டிலேயே கட்டிக்கொண்டு வந்தால், புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இருந்தாலும், முடிய 39 மாதத்துக்கு மேல் ஆகும், கட்டுவது 3,35,000. அதே 8,500ஐ நகைக்கடனில் கட்டினால் 21 மாதம், 1,79,000. சாப்பாட்டை 6,000க்குக் குறைத்தால் மாதம் 12,000 கட்டலாம், 15 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். ஹோட்டலை நிறுத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு சனிக்கிழமை மூன்றாகட்டும், அல்லது கறிதோசையும் பன் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவோடு திரும்புங்கள், மால் பக்கம் போக வேண்டாம். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் பெரிய பில் எல்லாம் மாலில் விழுந்ததுதான். 72,000 சம்பாதிக்கிற வீட்டில் 6,000க்குச் சாப்பிடுவது குற்றமில்லை.

நகைக்கடன் வாங்கும்போது இடையிடையே பகுதிப் பணம் கட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பொதுவாக ஒரு வருடக் கடனாகத் தருவார்கள், வருட முடிவில் மீதித் தொகைக்கு மாற்றிவைக்க வேண்டியிருக்கும். மாற்றும்போது "விலை ஏறியிருக்கு, இன்னும் 50,000 தரலாமே" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நகைக்கடன் மூழ்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஸ்மால்கேப் ஃபண்ட்? 50 சதவீதத்துக்கு வட்டி கட்டிக்கொண்டு 15 சதவீதம் வரலாம், வராமலும் போகலாம் என்கிற இடத்தில் பணம் போடுவதற்குப் பெயர் முதலீடு இல்லை. தோழிக்குக் கார்டு பாக்கி இருக்காது, அவர் போடட்டும். கேஷ்பேக் கார்டு இன்னும் வேடிக்கை. 1,200 பில்லுக்கு 60 ரூபாய் திரும்ப வரும். அந்த 1,200ஐ முழுசாகக் கட்டாமல் விட்டால் ஒரு மாத வட்டி, வரியோடு 50 ரூபாய். இரண்டாவது மாதம் பிறந்து ஒரு வாரத்தில் கேஷ்பேக் காலி. யாராவது ஆப்பில் வாங்கும் டிஜிட்டல் கோல்டில் மாதம் 500 சேர்த்துச் சீர் செய்யலாம் என்றால் அதையும் ஒதுக்குங்கள், அது தன் கண்காணிப்பில் வரவில்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது.

பண்டிகைக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு இரண்டு நாத்தனாருக்கும் பொங்கல்படி, சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க வந்து நான்கு நாள் தங்கும் சொந்தக்காரர்கள், மகன் பிறந்தநாள், மொய். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் வருடம் 88,000 வருகிறது. இந்த வருடம் 54,000க்கு மேல் போக வேண்டாம், மாதம் 4,500, வங்கியில் மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் 12 மாத ஆர்டி. தெருவில் பிடிக்கிற பலகாரச் சீட்டில் வேண்டாம், வெள்ளித் தட்டு தருகிறேன் என்று சொன்னாலும்.

இந்த 88,000ல் மொய்யை மட்டும் நான் தொட மாட்டேன். உங்கள் கல்யாணத்துக்கு வந்த மொய் 2,60,000ஐ மாமனார் மண்டபத்துக்கும் பந்திக்கும் கொடுத்துவிட்டார் என்கிறீர்கள். பணம் உங்கள் கைக்கு வரவில்லை, ஆனால் நோட்டில் இருப்பது உங்கள் பெயர். வட்டியில்லாக் கடன் அது, வந்ததைத் திருப்பி வைத்தே ஆக வேண்டும், நோட்டைப் பார்த்து, வந்த தொகைக்கு மேல் ஒரு நூறோ இருநூறோ. "நீங்களும் மகனுக்குக் காது குத்தி மொய் வாங்கிக் கடனை அடைத்துவிடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்தே வைப்பார்கள், எனக்குத் தெரியும். வாங்குவது புதுக் கடன், அவ்வளவுதான், ஆட்டுக்கறி விலையில் விருந்து வேறு போட வேண்டும்.

நகைக்கடன் பணம் வந்த அன்றைக்கே கார்டு பாக்கியைக் கட்டி, கார்டை ஆப்பில் லாக் செய்துவிடுங்கள். மறு மாத ஸ்டேட்மென்ட்டில் இன்னும் இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஒரு தொகை வரும். கடைசி ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. எல்லாம் முடிந்தது என்று விட்டுவிட்டால் லேட் ஃபீயோடு திரும்பவும் வளரும். அதையும் கட்டிவிட்டு, பாக்கி பூஜ்யம் என்று காட்டும் ஸ்டேட்மென்ட்டை உங்கள் மாமியாரிடம் காட்டுங்கள். மூன்று சவரன் எங்கே என்று கேட்பார். வங்கி ரசீதையும் கூடவே வைத்திருங்கள்.