வாசிப்பும் கணக்கும் வீட்டில்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தையின் வயதே இல்லை. நான்கு வயதுக்குச் சரியான பதில் ஏழு வயதுக்குத் தவறாகிவிடும். வருஷம், மாதம் இரண்டையும் எழுதுங்கள்.

மகளுக்கு ஐந்தரை வயது. தமிழ்ப் புத்தகத்தில் முதல் பத்துப் பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள். அதே சொல் கடைப் பலகையில் இருந்தால் முழிக்கிறாள். ஏன்? (விருதுநகர்)

அவள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். படத்தைப் பார்த்ததும் வரி நினைவுக்கு வந்துவிடுகிறது. படத்தைக் கையால் மறைத்துவிட்டு, வரியின் கடைசிச் சொல்லில் விரல் வைத்து அதை மட்டும் கேளுங்கள். பிறகு அதே எழுத்துகளில் புத்தகத்தில் இல்லாத சொல்லை எழுதிக் காட்டுங்கள். பாடத்தில் 'பட்டம்', 'மரம்' இருந்தால் 'மட்டம்', 'ரம்பம்' எழுதலாம். தானே கூட்டி வாசித்தால் வாசிப்பு வந்துவிட்டது. வரவில்லையென்றால் புதுப் பக்கத்துக்குப் போகாதீர்கள். பழைய வரிகளைத் தாளில் பெரிதாக எழுதி, சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் சொற்களை எழுத்தெழுத்தாக வெட்டுங்கள். புள்ளி வைத்த எழுத்தும் ஒரு தனித் துண்டு. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும்.

நாலரை வயது மகனுக்கு 247 எழுத்தையும் சுவர் அட்டை வைத்து தினமும் சொல்லித் தருகிறோம். 'கௌ' வரை வந்துவிட்டோம். சரியான வரிசை எது? (கரூர்)

அட்டையைச் சுருட்டிப் பரண்மேல் வையுங்கள், அடுத்த வருஷம் ஆகும். 247 என்பது பெரியவர்கள் பெருக்கிக் கூட்டிய கணக்கு. குழந்தை கற்க வேண்டியவை உயிர் 12, மெய் 18, ஆய்தம், புள்ளி, அப்புறம் ா, ி, ீ, ு, ூ, ெ, ே, ை என்ற எட்டுக் குறிகள். ொ, ோ, ௌ மூன்றும் ஏற்கெனவே தெரிந்தவற்றைச் சேர்த்து எழுதுபவை. ஆக மொத்தம் நாற்பது.

அகர வரிசை அகராதி பார்க்க உதவும். வாசிக்கத் தொடங்க, உடனே சொல் கிடைக்கிற எழுத்துகள் வேண்டும். ட, ப, ம மூன்றையும் புள்ளியோடு கொடுங்கள்: படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல் வந்துவிடும். அடுத்து க, ல, ர சேர்ந்தால் கடல், பகல், மரம், கல், கரகம். அதன்பின் ா: கால், பால், பாடம், மாமரம். வாரத்துக்கு மூன்று எழுத்துக்கு மேல் வேண்டாம். அந்த வாரத்து எழுத்தில் அந்த வாரமே சொல் வாசிக்க வேண்டும். 'ங்' தனியாக வேண்டாம், 'தங்கம்' வரும்போது காட்டினால் போதும்.

தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று ெ, ே, ை. ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது. இடமிருந்து வாசிக்கும் குழந்தை கொம்பில் முட்டி நின்றுவிடும். இரண்டு விரலால் கொம்பையும் எழுத்தையும் சேர்த்து மூடி, ஒன்றாகத் திறந்து காட்டுங்கள். இரண்டாவது உகரம். அது மூன்று குடும்பம்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒன்று, சு, பு, யு, வு ஒன்று, ணு, து, நு, லு, று, னு ஒன்று. வாரத்துக்கு ஒரு குடும்பம். மூன்றையும் கலந்து கொடுத்தால் 'பு'வுக்குச் சுழி போடுவான்.

மகனுக்கு 3 வயது 4 மாதம். பள்ளியில் தினமும் 'அ' ஒரு பக்கம், 'ஆ' ஒரு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சிலைத் தூக்கி எறிகிறான். கையைப் பிடித்து எழுத வைக்கலாமா? (மதுரை)

வைக்காதீர்கள். இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

அந்தக் கையை ஒரு நிமிஷம் பாருங்கள். மணிக்கட்டில் இருக்க வேண்டிய எட்டுச் சிறு எலும்புகளில் பாதிக்கு மேல் இந்த வயதில் இன்னும் குருத்தெலும்பு. பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறான், கை தோளிலிருந்து அசைகிறது. பார்த்து வரைவதில் வட்டம் மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நான்கில், சதுரம் நாலரை ஐந்தில், முக்கோணம் ஐந்துக்கு மேல். 'அ'வில் சுழி இருக்கிறது, வளைவு இருக்கிறது, குறுக்குக்கோடு இருக்கிறது, நேர்க்கோடு இருக்கிறது. கூட்டல் குறியே வராத கையிடம் அதை ஒரு பக்கம் கேட்பது அநியாயம். விஜயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோ விரல் பிடித்து எழுதுவது ஒரு நாள் சடங்கு. அதை மறுநாளிலிருந்து நான்கு கோடு நோட்டில் தொடரச் சொல்லி யாரும் விதிக்கவில்லை.

கெடுவது என்ன தெரியுமா? கட்டைவிரலை உள்ளே மடக்கி அழுத்திப் பிடிக்கப் பழகுகிறான். அந்தப் பிடியை ஏழு வயதில் மாற்றுவது பெரும்பாடு. எழுத்தைக் கீழிருந்து மேலாக, துண்டு துண்டாக ஒட்டவைத்து வரைகிறான். பின்னால் வேகமாக எழுத வேண்டியபோது கை வலிக்கும். ஒரு பக்கத்தில் முதல் மூன்று 'அ' ஓரளவு நேராக இருக்கும், மீதி முப்பதும் கோணல். ஆக, அவன் பயிற்சி எடுப்பது கோணலுக்குத்தான். எல்லாவற்றையும்விட, படிப்பென்றாலே வெறுப்பு வந்துவிடுகிறது.

இப்போது கைக்கு வேலை கொடுங்கள். சப்பாத்தி மாவில் உருண்டையும் பாம்பும் உருட்டட்டும். துணி மாட்டும் கிளிப்பைத் திறந்து டப்பா விளிம்பில் மாட்டட்டும். பச்சைப் பட்டாணி உரிக்கட்டும். தாம்பாளத்தில் ரவை பரப்பி விரலால் கோடும் வட்டமும் இழுக்கட்டும். விரல் ஓடிய இடத்தில் தட்டின் அடி தெரிகிற மாதிரி ரவை மெல்லிசாக இருக்க வேண்டும், கனமாகப் போட்டால் கோடு மூடிக்கொள்ளும். சுவரில் மாட்டிய கரும்பலகையில் நின்றுகொண்டு கிறுக்கட்டும். சாக்பீஸை 2 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். அதை முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாகக் கூடும். பென்சிலும் எழுத்தும் ஐந்து வயதுக்குப் பிறகு, அப்போதும் ட, ப, ம என்று எளிய வடிவத்திலிருந்து.

பள்ளிக்கு நேரில் போய்ப் பேசுங்கள். ஒரு பக்கத்துக்குப் பதில் மூன்று எழுத்து போதும் என்று கேளுங்கள், பல ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். பிள்ளைக்குப் பதில் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதாமலே எழுத்தை அடையாளம் காணவும் சொல் வாசிக்கவும் குழந்தையால் முடியும், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, எப்போதும் சொல்வதுதான்: வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பட்டாணி, மணி, புளியங்கொட்டை எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும்.

ஆறு வயது. 'படம்' என்பதற்கும் 'பாடம்' என்பதற்கும் வித்தியாசமில்லாமல் வாசிக்கிறான். (தஞ்சாவூர்)

காதில் பிரியாதது கண்ணில் பிரியாது. புத்தகத்தை மூடிவிட்டு ஜோடிச் சொல் சொல்லுங்கள்: கல்–கால், முடி–மூடி, எடு–ஏடு, கொடு–கோடு. குறிலுக்கு மேஜையில் ஒரு தட்டு, நெடிலுக்கு விரலை நீள இழுக்க வேண்டும். பத்துக்கு எட்டு சரியாக வந்தபின் எழுத்தைக் காட்டுங்கள்.

'பாடு' என்பதைப் 'பாட்டு' மாதிரி வல்லோசையில் வாசிக்கிறாள். விதியைச் சொல்லித் தரலாமா? (கோவை)

விதி வேண்டாம். பாடு–பாட்டு, படம்–பட்டம், ஓடு–ஓட்டு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி நீங்கள் இரண்டு முறை வாசியுங்கள். பேசத் தெரிந்த மொழிதானே, தானே திருத்திக்கொள்வாள்.

ஆங்கில ஃபோனிக்ஸ் வீட்டிலேயே தொடங்கினோம். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆறுக்கும் ஒலி தெரியும். ஆனால் சேர்த்துச் சொல்லச் சொன்னால் 'ஸ-இ-ட' என்கிறான், 'ஸிட்' வரவில்லை. ஐந்து வயது. (சென்னை)

பிழை உங்கள் வாயில் இருக்கிறது, அவனிடம் இல்லை. நீங்கள் 'ஸ', 'ட', 'ப' என்று அகரம் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அகரம் ஒவ்வொன்றோடும் ஒட்டிக்கொண்டு வந்தால் எப்படிச் சேரும்? ஒலி 'ஸ்', 'ட்', 'ப்'. நம் ஊரில் மெய்யெழுத்தைச் சொல்லும்போது முன்னால் இகரம் போட்டு 'இப்', 'இட்' என்போம், அதுவும் வேண்டாம். 'ப்' என்றால் உதடு மூடித் திறக்கிற காற்றுச் சத்தம் மட்டும். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு இருக்கக் கூடாது.

முதல் சொற்கள் இழுக்கக்கூடிய ஒலியில் தொடங்கட்டும்: ஸ்ஸ்ஸிட், ந்ந்நிப். ப், ட் போன்ற வெடிப்பொலியில் தொடங்கும் சொற்கள் இரண்டு வாரம் கழித்து. இடையில் நிறுத்தாமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும், நிறுத்தினால் ஒட்டாது. சின்ன எழுத்து முதலில், பெரிய எழுத்து பிறகு. எழுத்தின் பெயரும் பிறகுதான். 26 எழுத்துக்கு 44 ஒலி வரை வரும் மொழி அது. மூன்றெழுத்துச் சொல்லிலேயே இரண்டு மாதம் இருங்கள்.

எழுத்து கற்க நல்ல ஆப் எது? (பெயர், ஊர், வயது இல்லை)

எதுவும் வேண்டாம். திரையில் விரல் எங்கே தொட்டாலும் கைதட்டுகிறது, குழந்தை ஒலியைக் கேட்டதா என்று அதற்குத் தெரியாது.

என் பையன் கணக்கில் வீக். என்ன செய்யலாம்? (சேலம்)

வயது? வகுப்பு? எந்தக் கணக்கு? கூட்டலா, எண்ணுவதா, எழுதிய கணக்கை வாசிப்பதா? 'வீக்' என்ற ஒரு சொல்லுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அவன் தவறாகப் போட்ட ஐந்து கணக்கை அப்படியே எழுதி அனுப்புங்கள், அழித்துத் திருத்தாமல். தவறில்தான் காரணம் தெரியும். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இதற்காகத்தான். என்ன வகுப்பு என்பதைவிட என்ன தெரியும் என்பது முக்கியம்.

நாலரை வயதில் 1 முதல் 100 வரை சொல்கிறாள். ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தரச் சொன்னால் ஒரு கைப்பிடி அள்ளித் தருகிறாள். (திண்டுக்கல்)

100 வரை சொன்னது பாட்டு. எண்ணுவது இனிமேல்தான். ஒரு பொருளுக்கு ஒரு சொல், கடைசியாகச் சொன்னதே மொத்தம், பரப்பி வைத்தாலும் குவித்து வைத்தாலும் அது மாறாது: இந்த மூன்றும் வர வேண்டும். 10-ஐத் தாண்டாதீர்கள்.

30 முட்டை வைக்கும் அட்டையை வாங்குங்கள், ஒழுகிய கறை இருந்தால் வேண்டாம். வரிசைக்கு 5 குழியாக இரண்டு வரிசை வெட்டினால் பத்துக் கட்டம் கிடைக்கும். ஒரு அட்டையில் மூன்று வரும். மேல் வரிசை நிரம்பியபின் கீழ் வரிசை, அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். ஏழு வைத்தால் மேலே ஐந்து, கீழே இரண்டு, காலி மூன்று. 'இன்னும் எத்தனை வைத்தால் நிரம்பும்?' என்று தினமும் கேளுங்கள். பின்னால் கூட்டலுக்கு அதுதான் அடித்தளம். இரண்டு வாரத்தில் எண்ணாமலே பார்த்ததும் 'ஏழு' என்பாள்.

முதல் வகுப்பு. 'இருபத்தைந்து' எழுதச் சொன்னால் 205 எழுதுகிறான். (நாகர்கோவில்)

கேட்டபடி எழுதுகிறான்: 20, பிறகு 5. அட்டை செய்யுங்கள். 1 முதல் 9 வரை 3 செ.மீ. அகலத்தில், 10 முதல் 90 வரை 6 செ.மீ. அகலத்தில். 20-க்கு மேல் 5-ஐ வலது ஓரம் பொருந்த வைத்தால் சுழியம் மறைந்து 25 தெரியும், தூக்கினால் அடியில் சுழியம் இருக்கும். அகலம் பிசகினால் சுழியம் எட்டிப் பார்க்கும், அளந்து வெட்டுங்கள். 13-ஐ 31 என்று எழுதும் பிள்ளைகளுக்கும் இதே அட்டைதான். ஆங்கிலத்தில் 'தர்ட்டீன்' என்னும்போது மூன்று முதலில் காதில் விழுகிறது. 'பதிமூன்று' என்று தமிழில் சொல்லி எழுதச் சொல்லுங்கள், பத்து முன்னால் வந்துவிடும்.

42-லிருந்து 17 கழித்தால் 35 என்கிறாள். இரண்டாம் வகுப்பு. கடன் வாங்குவதை எத்தனை முறை சொல்லியும் ஏறவில்லை. (ஈரோடு)

சொல்லி ஏறாது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறாள்: 7-2, 4-1. ஐஸ் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். நான்கு கட்டு, இரண்டு குச்சி. ஏழைக் கேளுங்கள். கையில் இரண்டுதான் இருக்கிறது, ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்தால் 12 குச்சி, ஏழு போனால் 5. மீதி மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு. விடை 25. ஒரு வாரம் குச்சி மட்டும், அடுத்த வாரம் குச்சியும் எழுத்தும் சேர்த்து. பத்து ரூபாய், ஒரு ரூபாய் நாணயம் வைத்துத் தொடங்காதீர்கள், பத்து ரூபாய்க்குள் பத்து இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

யு.கே.ஜி.யில் 16-ஆம் வாய்ப்பாடு வரை கேட்கிறார்கள். (வேலூர்)

வேண்டாம். ஏழு வயதில் 2, 5, 10. மற்றவை அதன்பின்.

ஆறு வயது மகள் 3-ஐத் திருப்பி எழுதுகிறாள். ஆங்கிலத்தில் 'பி'யும் (b) 'டி'யும் (d) மாறுகின்றன. மூளைக் கோளாறா? (புதுச்சேரி)

இல்லை. ஏழு வயது வரை சாதாரணம். ஏழுக்குப் பிறகும் நீடித்து, கூடவே 'மரம்' எந்த ஒலியில் தொடங்குகிறது என்றும் சொல்லத் தெரியாவிட்டால் முதலில் காதைச் சோதியுங்கள், பிறகு குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆறு வயதுப் பேரனோடு தாயம் ஆடுகிறேன். கணக்குக்கு உதவுமா? (திருச்சி)

நன்றாக உதவும் ஐயா. கட்டையில் உள்ள புள்ளிகளைப் பார்த்ததும் சொல்லவும், இரண்டு கட்டையையும் கூட்டவும் பழகுவான். இரண்டும் சுழியமாக விழுந்தால் 12 என்ற விதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், 0-வும் 0-வும் சேர்ந்து 12 ஆவது அவனைக் குழப்பும். பல்லாங்குழியும் ஆடலாம். 14 குழியில் ஐந்தைந்தாகப் போடும்போது 5, 10, 15 என்று சத்தமாகச் சொல்லி 70 வரை போகட்டும். தாயத்தில் ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்: காய் நிற்கிற கட்டத்தையே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குவான். அடுத்த கட்டத்தில் காயை வைத்தபின்தான் 'ஒன்று' வாயில் வர வேண்டும். இந்தத் தவறு பழகிவிட்டால் எண்கோட்டில் கூட்டும்போதும் விடை எப்போதும் ஒன்று குறைவாக வரும்.