பூட்டியின் பஃப் கைச் சட்டை: பழைய படத்தைப் பார்த்துத் தைப்பது எப்படி?

கேள்வி: பூட்டி ஸ்ரூடியோவில் எடுத்த படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, இத்தோடு அனுப்பியிருக்கிறேன். 1900ஆம் ஆண்டளவில் எடுத்தது என்று அம்மம்மா சொல்லுவா. கழுத்து மூடிய, தோளில் உப்பிய நீளக் கைச் சட்டை. மேலே கரைபோட்ட சேலை. அதே மாதிரித் தைத்து, தை மாதக் குடும்ப ஒன்றுகூடலுக்கு உடுக்க ஆசை. ஓரளவு தைக்கத் தெரியும். தையற்காரர் சாட்டின் எடுக்கச் சொல்கிறார், முதுகில் சிப் வைக்கலாம் என்கிறார். பூட்டியின் பட்டுச்சேலை பெட்டகத்தில் கிடக்கிறது. அதையே உடுக்கலாமா? உள்ளே கோர்செட் போடவேண்டுமா? – வாசகி, கொக்குவில்

பதில்: பட்டுச்சேலையை உடுக்க வேண்டாம். இத்தனை காலம் மடித்தபடி கிடந்த பட்டு, மடிப்பில்தான் முதலில் விடும். கையில் எடுத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும். இடுப்பில் செருகி ஒருக்கா இருந்து எழும்பினால் கீறிக்கொண்டு போகும், பிறகு தைக்கப் போனால் ஊசி குத்திய இடமும் விடும். அதை ஒரு வெள்ளைத் துணியில் விரித்து, கரை எத்தனை அங்குலம், முந்தானை எவ்வளவு நீளம் என்று அளந்து எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பிறகு பழைய மடிப்பில் மடிக்காமல், பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். உடுப்பதற்கு, அந்த அளவுக்குக் கிட்டவாகக் கரையுள்ள கைத்தறிச் சேலை ஒன்று தேடலாம்.

இடுப்பை இறுக்கும் உள்ளுடுப்பான கோர்செட்டும் தேவையில்லை. உங்கள் படத்தில் சட்டை இடுப்பில் ஒட்டவில்லை, சேலைக்கு மேல் கொஞ்சம் தளர்ந்து நிற்கிறது. உள்ளே இறுக்கிக் கட்டியிருந்தால் அப்படி விழாது.

துணிக்கடைக்குப் போகமுதல் படத்தோடு ஒரு பின்னேரம் இருங்கள். ஸ்கான் செய்து பெருப்பித்துப் பார்த்தால், உடுப்பின் முக்கால்வாசிச் செய்தி கையில்தான் இருக்கும். ஐரோப்பாவில் தோளில் பெரிதாக உப்பிய கை 1895ஐ ஒட்டி உச்சத்துக்குப் போனது. ஓரிரு வருசத்தில் அது சுருங்கி, 1900க்குப் பிறகு உப்பல் மணிக்கட்டுப் பக்கம் இறங்கிவிட்டது. உங்கள் பூட்டியின் கையில் உப்பல் மேலேதான், ஆனால் மிதமாக. அம்மம்மா சொல்லும் வருசத்தோடு அது ஒத்துப்போகிறது. ஒரு மோஸ்தர் கடல் கடந்து வந்து, இங்கே தைக்கப்பட்டு, ஸ்ரூடியோவரை போக நாள் எடுத்திருக்கும். உடுவில் பெண்கள் பாடசாலை 1824இல் தொடங்கியது. சட்டை தைக்கும் பழக்கம் வீடுகளுக்குள் வந்ததில் அப்படியான மிஷன் பள்ளிக்கூடங்களின் தையல் வகுப்புகளுக்குப் பங்கு உண்டு.

நிறத்தில் அவசரப்பட வேண்டாம். அந்தக் காலப் புகைப்படத் தகடுகளுக்கு நீல ஒளிதான் நன்றாகப் பிடிக்கும், சிவப்பு பிடிக்காது. அதனால் அரக்குச் சிவப்புச் சேலை படத்தில் கறுப்பாக விழும். வெளிறிய நீலம் வெள்ளையாகத் தெரியும். உங்கள் படத்தில் கரை கன்னங்கரேலென்று இருக்கிறது. பெட்டகத்துச் சேலையின் கரை என்ன நிறம் என்று போய்ப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அது அதே சேலையாகக்கூட இருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு படம் வேண்டுமென்றால் ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய சிறப்பு மலர்களைப் புரட்டலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்ததும் 1995 இடப்பெயர்வில் விட்டுவிட்டு ஓடியதும் போக, மிச்சம் சொந்தக்காரரின் அல்பங்களில்தான். கனடாவில் இருக்கும் பெரியம்மாக்களிடம் கேளுங்கள்.

இனித் துணி. சாட்டின் வேண்டவே வேண்டாம். கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது பொலியெஸ்ரர், மினுக்கமும் வேறு, வேர்வையும் வெளியேறாது. கேம்பிரிக் அல்லது வொயில் என்ற மெல்லிய பருத்தித் துணி எடுங்கள். 'தனிப் பருத்தி' என்று கடைக்காரர் சொன்னால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிவதுபோல் மணந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலை விடும். பொலியெஸ்ரர் உருகி, ஆறியதும் கறுத்த கட்டியாக இறுகும். 36 அங்குல அகலத்தில் மூன்று மீற்றர், உள்ளுக்குப் போட மெல்லிய துணி ஒன்றரை மீற்றர் எடுத்தால் பயமில்லாமல் வெட்டலாம். வெட்டமுதல் ஒரு இரவு ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். தைத்தபின் சுருங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது கழுத்துப்பட்டிதான்.

கைக்கு வருவோம். உங்கள் உழைப்பில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். நம்மூர்த் தையற்காரருக்குச் சேலைச் சட்டையின் ஒட்டிய கை கண்ணை மூடிக்கொண்டு வரும். பஃப் கை என்றால் சின்னப் பிள்ளைகளின் கவுணுக்குப் போடும் குட்டைப் பஃப்தான் நினைவுக்கு வரும். இரண்டும் இதற்குச் சரிவராது.

உங்களுக்கு அளவான சாதாரண நீளக் கை ஒன்றின் வடிவத்தைக் கடதாசியில் கீறுங்கள். மேலிருந்து முழங்கைவரை நான்கு ஐந்து இடத்தில் நீளவாக்கில் வெட்டி, முழங்கையில் ஒட்டியபடியே விட்டு, மேற்பக்கத்தை விசிறி மாதிரி விரியுங்கள். உங்கள் படத்தின் அளவுக்கு, மேற்கையின் அகலம் 20 முதல் 22 அங்குலம் வந்தால் போதும். அகலம் மட்டும் கூடினால் கை பக்கவாட்டில் தொங்கும். அது மேலே எழும்ப, தோள் வளைவின் உயரத்தையும் இரண்டரை அங்குலம் கூட்டவேண்டும். பலர் விடும் இடம் இதுதான். கூடவே, சட்டை உடம்பின் தோள் அகலத்தை இரு பக்கமும் அரை அங்குலம் உள்ளுக்கு எடுங்கள். அப்போதுதான் உப்பல் தோளுக்கு மேல் இருக்கும், விட்டால் புயத்தில் சரிந்துவிடும்.

சுருக்குவதற்கு ஒரு ஓட்டம் போதாது. விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் ஒன்று, அதற்குக் கொஞ்சம் உள்ளே இன்னொன்று, இரண்டு வரி நீளத் தையல் போட்டு, இரண்டு நூலையும் சேர்த்து மெல்ல இழுங்கள். சுருக்கம் எல்லாம் மேல் வளைவில் நிற்கவேண்டும். அக்குள் பக்கம் மட்டமாக இருக்கட்டும். உள்ளே, ஓர்கண்டி என்ற மெல்லிய விறைப்பான துணியில் இரண்டங்குல அகலப் பட்டி ஒன்றைக் கொசுவி, தோள் தையலோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள். அந்தப் பட்டி இல்லாவிட்டால் பத்து மணிக்கு நிமிர்ந்து நின்ற கை, மத்தியானச் சாப்பாட்டுக்குள் படுத்துவிடும்.

இதையெல்லாம் முதலில் பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்கிக் கொண்டை முடிய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அக்குள் வெட்டு கீழே இறங்கிவிட்டது. அதை மேலே ஏற்றவேண்டும், அகலமாக்கினால் இன்னும் மோசமாகும்.

சிப் இந்த உடுப்பில் இருக்க முடியாது. இன்று நாம் பாவிக்கும் சிப்பின் வடிவம் 1913இல்தான் வந்தது. முன்பக்கம் திறப்பு வைத்து, உள்ளே கொழுக்கி போட்டு, மேலே சின்னத் தெறிகள் வையுங்கள். சிப்பித் தெறி கிடைத்தால் இன்னும் வடிவு. மெசினில் தைப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், சிங்கர் மெசின் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. ஓவர்லொக் மட்டும் போடாமல், உள் ஓரங்களை மடித்துத் தையுங்கள். கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் பருத்தி றேந்தை. நைலோன் றேந்தை தூரத்திலிருந்தே பளபளக்கும், செய்த வேலை எல்லாம் அதோடு போய்விடும்.

சேலைக் கட்டுக்கு நான் தனியாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. கொய்யகம் (கொசுவம்) முன்னாலா பின்னாலா, முந்தானை எந்தத் தோளில் என்பதைப் படத்தில் பார்த்து அம்மம்மாவிடம் கட்டிப் பழகுங்கள். பின் கொய்யகம் கட்ட அவவுக்குத் தெரிந்திருந்தால், அவவின் கை எப்படிப் போகிறது என்று போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. உடுத்த படத்தை எங்காவது போடும்போது 'அந்தக்கால யாழ்ப்பாணப் பெண்' என்று எழுதாதீர்கள். றேந்தை வைத்த சட்டையும் ஸ்ரூடியோப் படமும் வசதியுள்ள, பள்ளிக்கூடம் போன குடும்பங்களுக்கு வாய்த்தவை. சாதியைச் சொல்லிப் பல பெண்களை மேற்சட்டை போடவிடாமல் தடுத்ததும் இதே குடாநாட்டில்தான். பூட்டியின் பெயரையும் ஊரையும் போட்டு, 'இவ உடுத்தது' என்று எழுதினால் உண்மைக்கு அதுதான் கிட்ட.

தை மாதம் நல்ல தெரிவு. இதே சட்டையைச் சித்திரை வெயிலில் போட்டால் ஒரு மணித்தியாலம் தாங்காது. உள்ளே கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போட்டால் வேர்வை அதோடு நின்றுவிடும். உடுப்பதற்கு முதல்நாள் கஞ்சி போட்டு அயன் பண்ணுங்கள். கைக்குள் சுருட்டிய துவாயை வைத்துக்கொண்டு அயன் பண்ணினால் உப்பல் நசியாது. உடுத்து முடிந்ததும் கஞ்சி போகத் தோய்த்துத்தான் அலுமாரியில் வைக்கவேண்டும். கஞ்சியோடு வைத்தால் கரப்பான் முதலில் வருவது அந்தக் கழுத்துப்பட்டிக்குத்தான்.