முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு காட்டுவழிப் பயணம் போக எந்த இடம் ஏற்றது? குழந்தைகளால் காட்டுக்குள் நடக்க முடியுமா?

எழுபதைக் கடந்த என் தந்தை முதல் எட்டு வயது மகள் வரை நாங்கள் அறுவர், அரையாண்டு விடுமுறையில் பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாகக் காட்டுக்குள் இருக்கும் டாப்சிலிப்புக்கும் பரம்பிக்குளத்துக்கும் காரில் சென்று மூன்று நாள் தங்கி வந்தோம். உங்களுக்கும் அந்த வழியையே சொல்வேன். பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் அங்கே செல்லும் சாலை தமிழ்நாட்டுக் காட்டின் வழியாகவே போகிறது. ஆகவே இரண்டு மாநில வனத்துறைச் சோதனைச் சாவடிகளையும் கடக்க வேண்டும். இருட்டிய பின் பயணத்துக்கு அனுமதி இல்லை என்பதால் காலையிலேயே சேத்துமடையைத் தாண்டிவிடுங்கள். தங்குமிடத்தை முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.

குழந்தைகள் தாராளமாக நடப்பார்கள். வனத்துறை அனுப்பும் வழிகாட்டி இன்றி மட்டும் ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள். எங்களுடன் வந்தவர் அந்தக் காட்டிலேயே வாழும் மலசர் பழங்குடிச் சமூகத்து இளைஞர். மூங்கில் புதர்களுக்கு இடையே அரை மணி நேரம் நடந்திருப்போம்; தடத்தில் கிடந்த யானைச் சாணத்தைக் காலால் பிளந்து பார்த்தவர், ஈரம் காயவில்லை, யானை பக்கத்திலேயே மேய்கிறது என்று சொல்லி எங்களை வேறு தடத்தில் திருப்பினார். யானையைப் பார்க்க வந்த மகளுக்கு முகம் வாடிவிட்டது. அவர் அவளருகே குந்தி அமர்ந்து, செரிக்காத மூங்கில் நாரைக் குச்சியால் விலக்கிக் காட்டி, யானை எதைத் தின்றது, எந்தப் பக்கம் போனது என்று பொறுமையாக விளக்கினார். அதன்பின் ஒவ்வொரு குளம்படியிலும் அவள் நின்றாள். கடமானா புள்ளிமானா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். காரில் போயிருந்தால் இவை ஒன்றும் எங்கள் கண்ணில் பட்டிருக்காது. திரும்பும் வழியில் தலைக்கு மேல் பெருங்காற்று வீசுவது போன்ற ஓசை கேட்டது. இருவாச்சிப் பறவை ஒன்று சிறகடித்து அத்திமரத்தை நோக்கிப் போனது.

வெளிர் நிறமும் பளிச்சென்ற நிறமும் இல்லாத உடை, கணுக்காலை மூடும் காலணி, போதிய குடிநீர் ஆகியவை தேவை. ஈரமான மாதங்களில் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பு வைத்திருந்தால் போதும்.

நெடுந்தூரம் நடக்க இயலாத என் தந்தையை டாப்சிலிப்பில் வன அதிகாரி ஹ்யூகோ வுட்டின் கல்லறைக்கு அழைத்துச் சென்றோம். முற்காலத்தில் தேக்கை வெட்டி மலையுச்சியிலிருந்து சரிவில் சறுக்கவிட்டதால்தான் டாப்சிலிப் என்னும் பெயரே வந்தது. அவ்வாறு மொட்டையாகிக்கொண்டிருந்த காட்டில், வெட்டிய அடிமரத்தைத் துளிர்க்கவிட்டும் புதிதாக விதைத்தும் தேக்கை மீட்டவர் அவர்; 1933-இல் மறைந்தார். ‘நினைவுச்சின்னத்தைத் தேடுவீராயின் சுற்றிலும் பாருங்கள்’ என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் கல்லறையில் இருக்கிறது. அதைப் படித்துச் சொன்னதும் தந்தை வெகுநேரம் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பரம்பிக்குளத்துக் கன்னிமாரா தேக்கு என்னும் பெருமரத்தைப் பார்த்தோம். அதன் அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர் என்பதால் எங்களில் ஐவர் கைகோத்த பிறகே வட்டம் நிறைந்தது.