மறுகாலில் வலை, கரையடியில் ஈரம்: தோட்டத்து அணையில் விருந்தினரை இறக்கலாமா?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ரப்பர் தோட்டத்துக்குள் ஓடும் ஓடையை மறித்து அவருடைய தாத்தா காலத்தில் மண்கரை போட்டிருக்கிறார்கள். உயரம் 15 அடி, நிறைந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குத் தண்ணீர் நிற்கும். இப்போது தோட்டத்து வீட்டை விருந்தினர்களுக்கு விடுகிறார், குளிக்கவும் பெடல் படகு ஓட்டவும்தான் ஆட்கள் வருகிறார்கள். வளர்ப்பு மீன் போய்விடாமல் இருக்க மறுகாலில், அதாவது குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் வாயில், வலை கட்டியிருக்கிறார். போன மழைக்கு அப்புறம் கரையின் வெளிப்பக்கம் அடியில் ஓரிடம் எப்போதும் நசநசவென்று இருக்கிறது. கரைமேல் நாலைந்து தேக்கு நிற்கிறது, ஓடை போகும் வழியில் கீழே சில வீடுகள். ஓணம் விடுமுறைக்கு ஆட்களை விடலாமா, அந்த ஈரத்தில் சிமெண்ட் பூசினால் போதுமா, சட்டம் என்ன சொல்கிறது என்பது கேள்வி.

விட வேண்டாம், சிமெண்டும் பூச வேண்டாம். இன்றே அந்த வலையை அறுத்து எடுங்கள். மீன் போனால் போகட்டும்.

வலையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மண்கரை உடைவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிவதுதான். கான்கிரீட் சுவர் அதைக் கொஞ்சம் தாங்கும், மண் தாங்காது. வெளிச்சரிவில் விழும் தண்ணீர் அடியிலிருந்து மண்ணைப் பறித்துக்கொண்டே மேலே வரும், ஒரு இடத்தில் வாய் பிளந்துவிட்டால் அப்புறம் நீங்கள் எத்தனை மூட்டை மணல் கொண்டுபோனாலும் நிற்காது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற அணை, பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை கிளப் ஒன்றுக்குச் சொந்தமானது, முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குக்காக வைத்திருந்தது. மீன் போகாமல் இருக்க வடிகாலில் கம்பி வலை போட்டிருந்தார்கள், கரைமேல் குதிரை வண்டி போக வசதியாகக் கரையின் உயரத்தைக் குறைத்திருந்தார்கள், அடியில் தண்ணீரை வெளியேற்றும் குழாய்களை முன்பே யாரோ கழற்றி விற்றிருந்ததைத் திரும்ப வைக்கவே இல்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் வலையில் குப்பை அடைத்து, தண்ணீர் கரைமேல் ஏறி, கரை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுனிலும் வழியிலும் இறந்தவர்கள் 2,209 பேர். உங்களுடையது அவ்வளவு பெரியது இல்லைதான், ஆனால் ஒரு ஏக்கரில் சராசரி ஆறடி ஆழம் என்றால்கூட 74 லட்சம் லிட்டர், அதாவது 7,400 டன் எடை. கீழே இருக்கும் வீட்டுக்கு அதுவே அதிகம்.

வலையை எடுத்தபிறகும் மறுகால் போதுமான அகலம்தானா என்று பார்க்க வேண்டும். ஓடைக்கு மேலே 50 ஏக்கர் சரிவின் தண்ணீர் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டி, அதில் 60 சதவீதம் மண்ணில் இறங்காமல் ஓடிவந்தால், நொடிக்கு 3,300 லிட்டர் அணைக்குள் வரும். 10 அடி அகல மறுகாலில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் போனால்கூட நொடிக்கு 2,500 லிட்டருக்குள்தான் வெளியேறும், மீதி குளத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அகலம் 15 அடி என்றால் 3,700 வரை போகும், அதற்கு மேலும் கரை இரண்டு மூன்று அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, குளம் ஏற்கெனவே நிறைந்து கிடக்கும்போதுதான் பெரும்பாலும் பெரிய மழை வரும். கொத்தனாரின் தண்ணீர் டியூபை வைத்துக் கரையின் உச்சியை நெடுக அளந்து பாருங்கள். ஜீப் ஏறி இறங்கும் இடத்தில் அரையடி தழைந்திருந்தால், உங்கள் அணையின் உயரம் அந்த இடத்து உயரம்தான்.

இனி அந்த ஈரம். எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும், கசிவதால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலா என்பதுதான் விஷயம். கலங்கல் என்றால் கரைக்குள்ளிருந்து மண் வெளியே வந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஒரு துளை அணைத் தண்ணீரை நோக்கி நீண்டுகொண்டே போகிறது என்று அர்த்தம். ஈரம் முழுவதும் ஒரே இடத்தில் சேரும்படி சின்ன வாய்க்கால் வெட்டி, முனையில் ஒரு குழாய்த் துண்டு வையுங்கள். 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பார்த்து, அன்றைய நீர்மட்டத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அதிகாலையில் பால்வெட்டுக்கு வருகிறவர் அந்த வழியாகத்தானே போவார், அவரிடமே சொல்லி வைக்கலாம். கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வண்டல் படிகிறதா என்று தெரிந்துவிடும். நீர்மட்டம் ஏறாமலே கசிவு கூடினாலும், வண்டல் படிந்தாலும், கரைக்குக் கீழே மண் கொதிப்பதுபோல் குமிழியிட்டாலும் பொறுத்துப் பார்க்கவே கூடாது. கீழே இருப்பவர்களை உடனே மேட்டுக்கு அனுப்பிவிட்டு மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குப் போன் செய்யுங்கள்.

சிமெண்ட் பூசினால் தண்ணீர் நிற்காது, வெளியே வரும் வழிதான் அடைபடும். கரைக்குள் நீரின் அழுத்தம் ஏறி, வெளிச்சரிவு ஊறி ஒருநாள் அப்படியே சரியும், இல்லாவிட்டால் பக்கத்தில் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். செய்ய வேண்டியது நேர் எதிரானது: தண்ணீரை வரவிட்டு மண்ணை மட்டும் பிடித்து வைக்க வேண்டும். ஈரமான இடத்தின் மேல் முதலில் சுத்தமான ஆற்றுமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று அடுக்குங்கள். வரிசை மாறினால் பயனில்லை. இதுவும் என்ஜினியர் வரும்வரைதான் தாங்கும்.

அதுவரை நீர்மட்டத்தை இறக்குங்கள், ஆனால் ஒரே நாளில் இல்லை. மளமளவென்று இறக்கினால் ஊறிப்போன உள்சரிவு தாங்கு இல்லாமல் சரியும். ஒரு நாளைக்கு அரையடி முதல் ஒரு அடிக்குள் போதும். அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் மடை வேலை செய்யவில்லை என்றால் கரைக்கு மேலே ஆறு இஞ்ச் குழாயைப் போட்டு சைபன் வைக்கலாம் (குழாயில் தண்ணீரை நிரப்பி விட்டால் அப்புறம் தானாகவே உறிஞ்சி வெளியேற்றும்), அதற்குக் கனமான எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய் வேண்டும், மெல்லிய பிவிசி உறிஞ்சலில் நசுங்கிவிடும். தண்ணீர் விழும் முனை கரையைத் தாண்டி கல்மேல் விழட்டும். கரைக்குள்ளே பழைய இரும்புக் குழாய் போகிறது என்றால், வால்வு வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் குழாய் எந்நேரமும் அழுத்தத்தோடு கரைக்குள் கிடக்கிறது, துருப்பிடித்து ஒரு ஓட்டை விழுந்தால் போதும்.

தேக்கு மரங்களை வெறுமனே வெட்டிப் போட்டுவிடாதீர்கள். வேர் மக்கியபின் அதே வழியில் தண்ணீர் குழாய் போட்டதுபோல் வரும். விட்டு வைத்தாலும் ஆபத்து, 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மரங்கள் எப்படி வேரோடும் மண்ணோடும் புரண்டு கிடந்தன என்று உங்களுக்கே தெரியும், அது கரைமேல் நடந்தால் கரையில் பாதி பெயர்ந்துவிடும். நீரை இறக்கியபின் வேரோடு தோண்டி எடுத்து, களிமண் கலந்த மண்ணை ஈரப்பதம் பார்த்து அரையடி அரையடியாகக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். மேலே புல் மட்டும் போதும். பெருச்சாளி வளை, நண்டு வளைக்கும் இதே வைத்தியம்தான்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேலான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். 15 அடிக் கரை அதில் வராது. அதாவது அந்தச் சட்டப்படி யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை, முழுப் பொறுப்பும் உங்கள் தலையில். தன் நிலத்தில் நீரைத் தேக்கியவர், அது தப்பி அடுத்தவருக்குச் சேதம் செய்தால் பொறுப்பு என்று இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் வழக்கில் 1868-லேயே தீர்ப்பாகிவிட்டது, நம் நீதிமன்றங்களும் அதை ஏற்றிருக்கின்றன. கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வேக்குச் சேதமான வழக்கில் 1874-ல் வந்த தீர்ப்பில் அவர் தப்பினார், காரணம் அந்த ஏரிகள் ஊர்ப் பாசனத்துக்கானவை, பராமரிப்பது அவர் கடமை. படகு விட வைத்திருக்கும் குளத்துக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, ஓடை பல இடங்களில் புறம்போக்காகவே இருக்கும். நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தையும், எந்த நிலம் யாருடையது என்று காட்டும் அ-பதிவேட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, கரையில் கை வைக்கும் முன் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

என்ஜினியர் என்றால் வீடு கட்டுகிறவர் இல்லை, மண்ணையும் மண்கரையையும் தெரிந்தவர். வேளாண் பொறியியல் துறையிலோ நீர்வளத்துறையிலோ விசாரித்தால் ஆள் சொல்வார்கள். வாளிக் கணக்கு எழுதிய நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அவருக்கு அதைவிட உதவியானது எதுவும் இல்லை. பழுது பார்த்தபின் முதல்முறை நிரப்பும்போதும் கவனம் வேண்டும், பல கரைகள் அப்போதுதான் உடைகின்றன. இரண்டடி ஏறியதும் நிறுத்தி, சில நாள் கசிவை அளந்து, கூடவில்லை என்றால் அடுத்த இரண்டடி. விருந்தினர்கள் அதற்குப் பிறகு வரட்டும், அப்போதும் மறுகாலுக்கும் மடைவாய்க்கும் பக்கத்தில் யாரும் நீந்தாதபடி மிதவை கட்டிய கயிறு குறுக்கே இருக்கட்டும், படகில் ஏறுகிற எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கட்டும்.