நாய், பூனையின் நோயெதிர்ப்புச் சக்தி: வாசகர் கேள்விகளும் கால்நடை வைத்தியர்களின் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் பலவற்றிலும் கேட்கப்பட்டிருப்பது ஒன்றுதான்: "எதிர்ப்புச் சக்தி கூட என்ன குடுக்கலாம்?" அநேகமான வீடுகளில் புதிதாக எதையும் கொடுக்கத் தேவையில்லை. இருக்கிற சக்தியை எது தின்றுகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: 45 நாள் குட்டி ஒன்றை வாங்கி வந்து அடுத்த நாளே தடுப்பூசி போட்டோம். மூன்று கிழமையில் சத்தியும் இரத்த வயிற்றோட்டமுமாகப் பார்வோ என்ற வைரசு நோய் வந்து செத்துவிட்டது. போட்டது போலி ஊசியா? இன்னொரு குட்டியை எப்போது கொண்டுவரலாம்?
— வாசகர், கொக்குவில்

பதில்: ஊசி நல்லதாக இருந்தும் இப்படி நடக்கும். பிறந்த முதல் 24 மணித்தியாலத்துக்குள் குடிக்கும் கடும்புப் பாலின் வழியாகத் தாயின் பிறபொருளெதிரிகள் குட்டியின் குருதியில் சேர்கின்றன. பிறகு குடல் அவற்றை உள்ளே விடாது. முதல் சில கிழமைகளுக்கு அவைதான் குட்டிக்குக் காவல். ஆனால் அந்தக் காவல் தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த வைரசையும் விட்டுவைக்காது. ஊசி போட்டும் போடாத கதைதான்.

நாள் போகப் போகத் தாயின் பிறபொருளெதிரி குறையும். ஊசியைக் கெடுக்கும் அளவுக்கு அது மிச்சமிருக்கும், ஆனால் தெருவிலிருந்து வரும் உண்மையான பார்வோவைத் தடுக்கப் போதாது என்ற ஒரு கட்டம் வரும். ஒரு குட்டிக்கு அது 7ஆம் கிழமையில் வரும், கூடப்பிறந்த இன்னொன்றுக்கு 13ஆம் கிழமையில் வரும். பார்வோ தொற்றினால் பெரும்பாலும் 3 தொடக்கம் 7 நாளில் அறிகுறி தெரியும். உங்கள் குட்டி அந்த இடைவெளியில் அகப்பட்டிருக்கவே வாய்ப்புக் கூட.

அதனால்தான் 6–8 கிழமையில் தொடங்கி, 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை ஊசி போடுகிறோம். கடைசி ஊசி 16 கிழமை நிறைந்த பிறகே விழ வேண்டும். அட்டையில் மூன்று ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், ஆனால் கடைசித் திகதி 12ஆம் கிழமையாக இருக்கும். இந்தக் குறை மிகச் சாதாரணம். எத்தனை ஊசி என்று எண்ணாதீர்கள், கடைசி ஊசியன்று வயது என்ன என்று பாருங்கள். அடுத்த ஊசி 6 மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில். அதன்பின் பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்க்கு வரும் இன்னொரு வைரசு நோய்), ஈரல் அழற்சி மூன்றுக்கும் 3 வருடத்துக்கு ஒருமுறை போதும். எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் வருடந்தோறும் வேண்டும். 2024 டிசெம்பரில் வடமராட்சியில் மனிதரிடையே அது பரவியது நினைவிருக்கும். மாரிக்கு முன் போட்டுவிடுவது நல்லது. ஊசி மருந்து 2–8 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய பொருள். வாங்கிக் கொண்டுபோய் வீட்டில் போடுபவர்கள் ஐஸ் பெட்டி இல்லாமல் வெளிக்கிடக்கூடாது.

இனி வீடு. பார்வோ வைரசு நிழலான ஈர மண்ணில் மாதக்கணக்கில், சிலவேளை ஒரு வருடத்துக்கும் மேலாகக் கிடக்கும். பினைல், டெற்றோல் இரண்டையும் நம்ப வேண்டாம். சீமெந்துத் தரையை முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு 5 லீற்றர் தண்ணீருக்கு ஏறத்தாழ 160 மில்லிலீற்றர் வெளுக்கும் பிளீச் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். வேறு எந்தத் திரவத்தையும் அதோடு சேர்க்காதீர்கள். சாக்கு, பழைய துணி, குட்டி படுத்த கடதாசிப் பெட்டி எல்லாவற்றையும் எரித்துவிடலாம். மணல் முற்றத்தை இப்படிச் சுத்தமாக்க வழியில்லை. ஆகவே அடுத்த குட்டி 16 கிழமை ஊசியும் போட்டு, அதன்பின் இரண்டு கிழமையும் கழிந்ததாக இருக்கட்டும். அதுவரை தாயோடு வேறு வீட்டிலேயே வளரட்டும்.

கேள்வி: நாங்கள் சைவம், வீட்டில் மச்சம் புழங்குவதில்லை. நாய்க்குச் சோறும் பருப்பும் பாலும்தான். மயிர் கொட்டுகிறது, புண் ஆறுவதில்லை. பூனை ஒன்றும் வளர்க்க ஆசை.
— வாசகி, சாவகச்சேரி

பதில்: பிறபொருளெதிரியே ஒரு புரதம். சோற்றை மட்டும் கூட்டினால் வயிறு நிறையும், புண் ஆறாது. நாயை மச்சம் இல்லாமலும் வளர்க்கலாம், ஆனால் முட்டையாவது வீட்டுக்குள் வர வேண்டும். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளுக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு கோப்பை நன்றாக அவிந்த பருப்பு அல்லது சோயா, சோறு, பூசணி அல்லது கரட், ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்று தொடங்கலாம். பச்சை வெள்ளைக்கரு வேண்டாம், அது பயோட்டின் என்ற விற்றமினைக் கட்டிப்போடும். பருப்பிலும் தவிட்டிலும் உள்ள பைற்றேற்று துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். மயிர் கொட்டுவதற்கும் தோல் காய்ந்து பொருக்கு விடுவதற்கும் அதுவும் காரணமாகலாம். துத்தநாகம் தேவையா என்பதைத் தோலைப் பார்த்தே சொல்ல முடியும். நாயைக் காட்டுங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கு முட்டைக்கோதை 10 நிமிடம் அவித்து, காயவைத்து, மாவாய் அரைத்து, நாளுக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேருங்கள். பாலைக் குறையுங்கள், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அது வயிற்றோட்டம்தான். வெங்காயம், உள்ளி போட்டுத் தாளித்த பருப்பு கூடவே கூடாது. இரண்டும் செங்குழியங்களை உடைக்கும். நாய்க்கு எடுத்து வைத்துவிட்டுத் தாளியுங்கள். முந்திரிகைப் பந்தல் உள்ள வீடாக இருந்தால் விழுந்த பழத்தைக் கூட்டி அள்ளுங்கள், அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் கட்டினால் விற்றமின் டீ வரும் என்பது மனிதருக்குச் சரி. நாயும் பூனையும் தோலில் அதைத் தேவையான அளவு செய்வதில்லை, சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

மேலே சொன்னது வளர்ந்த நாய்க்கு மட்டும். குட்டிக்குப் பெட்டியில் "வளரும் குட்டிக்கு" என்று எழுதிய முழு உணவே பாதுகாப்பு.

பூனையைப் பற்றிச் சுருக்கமாக: பருப்பில் பூனை வளராது. ரோறின் என்ற பொருளும் ஆயத்தமான விற்றமின் ஏயும் இறைச்சி, மீனிலிருந்தே அதற்குக் கிடைக்க வேண்டும். கரட்டைக் கொடுத்தால் பூனையின் உடல் அதை விற்றமின் ஏ ஆக்காது. மச்சம் வீட்டுக்குள் வரக்கூடாதென்றால் பூனைக்கென்றே தயாரித்த உணவை வெளி விறாந்தையில் வையுங்கள். அதுவும் மனதுக்கு ஒவ்வாதென்றால் பூனை ஆசையை விட்டுவிடுவதே பூனைக்குச் செய்யும் நன்மை.

கேள்வி: எங்கள் பூனை பச்சைச் சூடை மீனைத் தவிர வேறொன்றும் தொடாது. இப்போது தூக்கினால் கத்துகிறது, நடை தள்ளாடுகிறது. காற்று பட்டிருக்குமா?
— வாசகர், குருநகர்

பதில்: காற்றை விடுங்கள், இன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். கொழுப்பு மீனையே நாள்தோறும் தின்றால் விற்றமின் ஈ தீர்ந்து, தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு அழற்சி கண்டு நோகும். தூக்கும்போது கத்துவது அதனாலாக இருக்கலாம். பச்சை மீன்கள் சிலவற்றில் விற்றமின் பீ1ஐ அழிக்கும் நொதியும் உண்டு. அது குறைந்தால் பூனை தள்ளாடும், தலையை நெஞ்சோடு குனியும், பிறகு வலிப்பு வரும். நேரத்துக்குப் பீ1 ஊசி போட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

தேறிய பிறகு மீனை அவித்துக் கொடுங்கள், அந்த நொதி சூட்டில் அழியும். கிழமையில் இரண்டு நாள் மீன் போதும். மற்ற நாட்களில் கோழி இறைச்சியும் கோழி இதயமும். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், ரோறின் அதில்தான் இறங்கியிருக்கும். ஈரல் கிழமைக்கு ஒரு சிறு துண்டுக்கு மேல் வேண்டாம். விற்றமின் ஏ கூடினால் கழுத்தெலும்பு இறுகிப்போகும். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். பழைய மீனோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

கேள்வி: நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்று டொக்ஸிசைக்கிளின் தந்தார்கள். மூன்று நாளில் சுகம், நிறுத்திவிட்டோம். இப்போது மூக்கால் இரத்தம் வடிகிறது. பப்பாசி இலைச் சாறு கொடுக்கலாமா?
— வாசகர், தெல்லிப்பழை

பதில்: உண்ணி கொண்டுவரும் ஏர்லிக்கியா என்ற கிருமி வெண்குழியங்களுக்குள்ளேயே குடியிருக்கும். மருந்து தொடங்கி ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் விடும், நாய் சாப்பிடும், ஆனால் கிருமி சாகவில்லை. அதற்கு வழமையான கணக்கு 28 நாள். இடையில் விட்டால் மாதக்கணக்கில் நாய் சுகமாகத் தோன்றி, பிறகு இரத்தக் கலங்களைச் செய்யும் எலும்பு மச்சை சோர்ந்துபோகும். இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டு குறைந்து மூக்கால் வடியும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி போடும். பப்பாசிச் சாறு கிருமியைக் கொல்லாது. இன்றே குருதிப் பரிசோதனை செய்யுங்கள். கூடவே உண்ணி கொண்டுவரும் இன்னொரு கிருமியான பபீசியாவும் இருந்தால் அதற்கு வேறு மருந்து வேண்டும். மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், பாலோடு வேண்டாம். சுகமான நாய்க்கு இந்த நோய் திரும்ப வராது என்றும் இல்லை, அடுத்த உண்ணி கடித்தால் வரும்.

ஆகவே உண்ணியை ஒழிக்க வேண்டும். நாயில் நீங்கள் காண்பது கொஞ்சம், மிச்சம் வீட்டில் இருக்கிறது. வளர்ச்சியின் ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்ததும் உண்ணி இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பு, கிடுகு வேலி, நாய்க்கூட்டுப் பலகை இடுக்குகளில் பதுங்கும். பெண் உண்ணி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இந்த உண்ணி மேலே ஏறும் சாதி, கூட்டின் கூரையையும் பாருங்கள். வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, நாய்க்கு உண்ணி மருந்தைத் தவணை தவறாமல் பல மாதம் கொடுக்க வேண்டும். பிடுங்கும்போது மண்ணெண்ணெய் பூசாதீர்கள். சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுங்கள். நாய்க்கான பேர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் பூசினால் பூனை செத்துப்போகும்.

கேள்வி: விற்றமின் சீ மாத்திரை, தேசிக்காய், "இமியூன்" ரொனிக், இவற்றில் எது நல்லது?
— வாசகி, மானிப்பாய்

பதில்: சுகமான நாயும் பூனையும் விற்றமின் சீயைத் தங்கள் ஈரலிலேயே செய்துகொள்கின்றன. அந்த ரொனிக் காசுக்கு முட்டை வாங்குங்கள். காய்ச்சலுக்கு பனடோலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே அதைக் கொல்லப் போதும்.

கேள்வி: ஒரு மாதக் குட்டிகளின் முரசு வெளிறி, மலம் கறுப்பாகப் போகிறது. வீட்டிலிருந்த பூச்சி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: கொழுக்கிப்புழுவாக இருக்கலாம். தாயின் பாலிலேயே அது வரும், ஈர மணலில் குஞ்சுப்புழு தோலைத் துளைத்தும் ஏறும். முரசு வெளிறிய ஒரு மாதக் குட்டிக்கு நேரம் குறைவு, நாளைக்கென்று வைக்காதீர்கள். உங்களிடமிருப்பது அல்பெண்டசோல் என்றால் வேண்டாம். அது நாய், பூனையின் எலும்பு மச்சையை அமுக்கி வெண்குழியத்தைக் குறைக்கக்கூடியது. பைரன்றெல் போன்ற மருந்தை, குட்டியைச் சமையல் தராசில் நிறுத்து, எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும். நாய்க்குட்டிக்கு 2, 4, 6, 8 கிழமைகளில், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை. அதே நாட்களில் தாய்க்கும் கொடுங்கள். மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள். இந்தப் புழு வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் போகும்.

கேள்வி: வளவுக்குள்ளேயே நிற்கும் நாய்க்கும் விசர் ஊசி தேவையா?
— வாசகர், நல்லூர்

பதில்: தேவை, பூனைக்கும் தேவை. வேலிக்குள்ளால் ஒரு கட்டாக்காலி நாய் வந்து போக எவ்வளவு நேரம்? 12 கிழமைக்கு முன் போட்டிருந்தால் 12 கிழமையில் மீண்டும் போட்டு, பிறகு வருடந்தோறும் போடுங்கள். சுகாதாரப் பகுதியினர் ஊரில் போடும் ஊசிக்குக் காசில்லை. ஊசி போட்ட நாயைச் சந்தேகமான நாய் கடித்தாலும் அன்றே இன்னொரு ஊசி போடுவிக்க வேண்டும். கடிபட்டது நீங்களென்றால், காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.