முதுகில் ‘கடக்’ சத்தம்: வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் 12 வருஷம் முன்பு தென்னை மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். முதுகில் ராடு வைத்திருக்கிறார்கள். நாலு மாதமாக வீல்சேருக்கு மாறும்போது முதுகில் ‘கடக்’ என்கிறது. ஒரு பக்கம் சாய்கிறார். வலி இல்லை. கால் வெட்டி இழுப்பது நின்றது மட்டும் நிம்மதி. ஆசனவாயில் மாத்திரை வைத்தால் அரை மணியில் வெளிக்குப் போனவருக்கு இப்போது தண்ணீராகக் கசிகிறது. வயிற்றுப்போக்கு மாத்திரை தரலாமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா. மலம் உள்ளே இறுகி அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாகத் தண்ணீர் கசிகிறதோ என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த மாத்திரை அடைப்பைக் கூட்டிவிடும்.

எனக்குப் பெரிய கவலை நீங்கள் நிம்மதி என்று எழுதிய விஷயம்தான். வருஷக்கணக்காக இழுத்த கால் திடீரென்று துவண்டால் தண்டுவடத்தின் அடிப்பகுதியோ அங்கிருந்து கிளம்பும் நரம்புகளோ புதிதாக நசுங்கியிருக்கலாம். மாத்திரை வைத்ததும் குடல் தானாகச் சுருங்கியதும் அந்த நரம்புகளின் வேலைதான். அதனால் முதுகுச் சத்தத்தையும் மலச்சிக்கலையும் தனித்தனி நோயாகப் பார்க்காதீர்கள்.

ராடு போட்ட இடம் அசையாது. குனிவது, திரும்புவது எல்லாப் பளுவும் அதற்குக் கீழே உள்ள மூட்டில் விழும். நமக்கென்றால் வலித்து எச்சரிக்கும், அவருக்கு அந்த உணர்ச்சி இல்லை. எலும்போடு எலும்பு உரசித் தேய்ந்து மூட்டே உடைந்துபோகும். இதற்குச் சார்கோ ஸ்பைன் என்று பெயர். அடிபட்டுப் பல வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். முதுகெலும்பில் கிருமி பிடித்தாலும் ஸ்கேனில் இதே மாதிரி தெரியும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

குறுவை அறுப்பு முடியட்டும் என்று தள்ளாமல் இந்த வாரமே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உட்கார்ந்தபடி ஒன்று, படுத்தபடி ஒன்று என எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்து மட்டும் எடுத்தால் சாய்வு மறைந்துவிடும். மூட்டு ஆடுகிறது என்றால் பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன்தான். பயமாகத்தான் இருக்கும், ஆனால் தள்ளிப்போட்டால் உட்காரும் பலமே போய்விடலாம்.

அதுவரை எண்ணெய் போட்டு முதுகை நீவ வேண்டாம், இடுப்பை முறுக்கித் தூக்கவும் வேண்டாம். சாப்பிட்ட அரை மணியில் வெளிக்குப் போக உட்காரவைக்கும் பழக்கம் தொடரட்டும். குடல் துவண்டிருந்தால் கையுறை போட்டு விரலால் எடுக்க வேண்டிவரும், அதை நர்ஸிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், அவர் வீல்சேருக்கு மாறுவதை அந்தச் சத்தம் கேட்கிற மாதிரி போனில் வீடியோ எடுத்து, பழைய டிஸ்சார்ஜ் தாளோடு டாக்டரிடம் காட்டுங்கள்.